அலகு

செஸி ஊரில் விடியற்காலை நாலு மணி.
குறிப்பேட்டில் ராடொவான் எழுதியிருந்தான்:
ஒளிர்மை, பூஜ்யம் புள்ளி நாலு.
அவ்வளவுதான்.
அலகில்லாத எண்
அலகில்லாத பறவை,
எதையும் கொத்தாது.

எந்த ஒளிர்மை? என்றாள் க்ளோதில்ட்.
கோபமில்லை. மூன்றாவது காபி.

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.
அவளுடைய பழைய ரெனோ காரின் மேல்
ஒரு சாண் பனி.
இப்போது எவ்வளவு வேகமாகக் கொட்டுகிறது என்பது ஒன்று,
இரவெல்லாம் கொட்டிக் கிடப்பது வேறொன்று.
முன்னதற்கு நொடி வேண்டும்.
பின்னது நொடிகளைத் தின்று முடித்தது.
இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டுத்
தடுமாறுகிறோம்.

இரண்டிலும் வெளிச்சம் கிடையாது.
எதிர்ப்பண்ணை ஹெர்வே ஒருமுறை கேட்டார்:
கீழே அவ்வளவு பிரகாசமா,
என் மாடுகள் தூங்க வேண்டாமா?
நூறு மீட்டர் ஆழம், ஐயா.
அமாவாசை வெட்கப்படும் இருட்டு.

அவருடைய வைக்கோல் கொட்டகைதான்
இங்கிருந்து தெரியும் ஒரே கட்டடம்.
பார்ன் என்றாலும் கொட்டகைதான்.
யுரேனியக் கருவைப் பார்த்துப்
போர்க்காலத்தில் யாரோ அடித்த கேலி:
கொட்டகை அகலம்,
கண்ணை மூடி எறிந்தாலும் படும்.
கேலி காய்ந்து அலகாகிவிட்டது.
நாங்கள் தேடுவது
அந்தக் கொட்டகையை ஆயிரத்தால்
ஐந்து முறை வகுத்த பின் மிஞ்சும் துரும்பை.

குறுக்குவெட்டுப் பரப்பு என்கிறோம்.
யாரும் எதையும் வெட்டுவதில்லை.
மோதினால் இது பிறக்குமா என்பதற்கு
இயற்கை தரும் சம்மதத்தின் அளவு.
திரண்ட ஒளிர்மையைத் தலைகீழ்ப் பரப்பில் எழுதி
சம்மதத்தால் பெருக்கினால்
பரப்பைப் பரப்பே அடித்துக்கொண்டு போகும்.
மிஞ்சுவது வெறும் எண்ணிக்கை.
ஐந்து ஃபெம்டோபார்ன் சம்மதத்துக்கு,
அன்றைய இரவுக்கு: இரண்டு.
வந்தனவா என்பது தெரிய மாதங்கள் ஆகும்.

நாலு பன்னிரண்டுக்குக் கற்றை விழுந்தது.
திரையில் ஒரு கோடு செங்குத்தாகச் சரிந்தது.
மற்றது ஏறுவதை நிறுத்திவிட்டு
அப்படியே நின்றது.

ராடொவான் இரண்டையும் பார்த்தான்.
பேனாவை எடுத்து
தலைகீழ் ஃபெம்டோபார்ன், திரண்டது
என்று சேர்த்தான்.
பக்கத்தில் கூட்டல் கழித்தல் குறி.
இது பிழை, என்றான்.

நீ முதலில் எழுதியது பிழை.
இது, நமக்கு எவ்வளவு தெரியாது என்று
நமக்குத் தெரிந்தது, என்றாள்.

என் மொழியில்
பிழைத்தல் என்றால் தவறுவது,
சாகாமல் தப்புவதும் அதுவே.
நான் அதை அவர்களுக்கு மொழிபெயர்க்கவில்லை.

ஏழு மணிக்கு வெளியே வந்தோம்.
பனி எப்போதோ நின்றிருந்தது.
வீதம் பூஜ்யம், என்றான் ராடொவான்.
க்ளோதில்ட் அவன் கையில்
மண்வாரியைக் கொடுத்தாள்.