பதினான்கு டிகிரி

துறைமுகத்தில் என் வேலை
குளிர்பெட்டிகளுக்குக் காய்ச்சல் பார்ப்பது.
நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை
வரிசை வரிசையாய் நடந்து
ஒவ்வொன்றின் நெற்றியிலும் எரிகிற எண்ணைக்
குறித்துக்கொள்ள வேண்டும்.
இறால் என்றால் மைனஸ் பதினெட்டு.
ஆப்பிள் என்றால் பூஜ்யம்.
ஒயின் என்றால் பதினான்கு.
அதற்கு மேல் ஒரு புள்ளி ஏறினாலும்
எழுத்தில் பதில் சொல்ல வேண்டும்.

அந்த டிசம்பரில் ஒரு பெட்டி.
ஊர்ப்பெயர் தாளில் இருந்தது, என் வாயில் நுழையவில்லை.
சர்வேயர் தயாபரன்தான் சொன்னார்.
அங்கே ஆற்றுச் சரிவெல்லாம் பலகைக் கல்லாம்.
பகலில் குடித்த வெயிலை
ராத்திரியில் கொடிக்குத் திருப்பிக் கொடுக்குமாம் கல்.
வருடத்தில் நான்கு மாதம்
செத்ததுபோல் தூங்குமாம் கொடி.
அப்புறமும் பழுக்கத் தயங்குமாம் பழம்.
"அந்தத் தயக்கம்தான்யா புளிப்பு.
அந்தப் புளிப்புக்குத்தான் காசு."

எங்கள் வீடு பனைமரத்தொட்டியில், தரைத்தளம்.
அக்டோபர் கடைசியில் ஜெசிந்தா
கல்மண்டபத்தில் ஆறு கிலோ பன்னீர் திராட்சை வாங்கினாள்.
கம்பத்திலிருந்து லாரியில் வந்தது.
அங்கே கொடிக்குத் தூக்கமே இல்லை.
படு என்று சொல்லப் பனி வராததால்
கத்தரிக்கோல் வந்து சொல்கிறது.
வெட்டிய பத்துப் பதினைந்து நாளில்
மறுபடி துளிர்.
ஓவர்டைம் பார்க்கிறவன் மாதிரி
வருடத்துக்கு இரண்டு காய்ப்பு, மூன்று காய்ப்பு.
அப்படி ஓடி வந்த பழத்தில்
சாறு உண்டு, வாசம் உண்டு.
நின்று யோசித்த ருசி கேட்டால்
அது எங்கே போகும்?
அதனால் இவள் சர்க்கரை போடுகிறாள்.
ஒரு கை கோதுமை, கிராம்பு,
பீங்கான் ஜாடி வாயில் என் பழைய பனியன் துணி.

நவம்பரிலும் எங்கள் அடுப்படி முப்பத்தொன்று.
மூன்றாம் நாளே நுரைத்து
துணியை உப்பித் தள்ளிப் பேச ஆரம்பித்தது ஜாடி.
அங்கே மாதக்கணக்கில் முணுமுணுப்பதை
இங்கே ஒரு வாரத்தில்
கத்தி முடித்துவிடும்.

பிறகு புயல்.

யார்டில் இரண்டரை நாள் கரண்ட் இல்லை.
இருந்த ஜெனரேட்டரை இறாலுக்குக் கொடுத்தார்கள்.
இறால் நாறும்,
ஒயின் நாறாது, சத்தமும் போடாது.
மழை விட்டு இரும்புமேல் வெயில் விழுந்து
எண்கள் திரும்ப எரிந்தபோது
இருபத்தொன்பது.

வீட்டில் முழங்கால் தண்ணீர், மேலே எண்ணெய்ப் படலம்.
பையனின் பாடப்புத்தகத்துக்கு முன்னால்
ஜாடியைத்தான் தையல் மெஷின்மேல் ஏற்றினாள் ஜெசிந்தா.
இன்றும் சொல்லிக்காட்டுகிறான்.

தயாபரன் ஒரு பாட்டிலைத் திறந்தார்.
கார்க் ஒரு நூல் வெளியே தள்ளியிருந்தது.
முகர்ந்தார், "வெந்துபோச்சு" என்றார்,
மொத்தப் பெட்டியையும் கழித்துவிட்டார்.
எனக்கும் டீ கப்பில் ஒரு வாய்.
புளிப்பு இருந்தது, இல்லாமலும் இருந்தது.
நாட்பட்ட ஜாம் போல ஒன்று அடியில்.
வெந்ததா,
அந்த ஊரே அப்படித்தானா,
அங்கே போகாத நாக்குக்கு எப்படித் தெரியும்?
காரணம் என்ற கட்டத்தில்
மின்தடை என்று எழுதினேன்.
வெயில் என்று எழுதினால் சிரிப்பார்கள்.

கிறிஸ்துமஸ் ராத்திரி பூசை முடிந்து
எதிர்வீட்டு காட்ஃப்ரி வந்தார்.
பெரம்பூர் லோகோவில் இருந்தவர், வாய்க்கு மூடி கிடையாது.
ஒரு மடக்கு. உதட்டைத் துடைத்தார்.
"இந்த வருசம் ஒயின்ல கடல் அடிக்குது ஜெசி.
கொஞ்சம் டீசலும்."
சொல்லிவிட்டுக் கப்பை மறுபடி நீட்டினார்.

ஜாடியின் நெற்றியில் எண்ணைத் தேடின என் கண்கள்,
பழக்க தோஷம்.
அவள் கவனித்திருக்க வேண்டும்.
ஜுரம் கண்ட பிள்ளைக்கு வைப்பதுபோல்
புறங்கையை ஜாடியில் வைத்துப் பார்த்து
"சரியாத்தான் இருக்கு" என்றாள்.