பாதி இறக்கிய ஷட்டர்

முதலில் ஆர்.எஸ்.ஐ.யை எடுத்தேன்.
பிறகு பொலிஞ்சர் பட்டைகள்,
ஐம்பது நாள் சராசரி, இருநூறு நாள் சராசரி,
கடைசியாக, யாரோ சொல்லி ஏற்றிவைத்த
பெயர் மறந்துபோன ஒரு பச்சை அம்பு.
அம்பு எப்போதும் சரியாகத்தான் காட்டும்,
பஸ் போன பிறகு வந்து
பஸ் போய்விட்டது என்கிறவரைப்போல.

மிச்சம் இருந்தது விலை மட்டும்.
கறுப்புத் திரையில் சிவப்பும் பச்சையுமாய்க் குச்சிகள்.
மெழுகுவத்தி என்கிறார்கள்.
மேலும் கீழும் திரி உள்ள மெழுகுவத்தியை
சம்பா கோயிலில்கூட நான் பார்த்ததில்லை.

மிஷன் வீதி ஒரு மணிக்குத் தூங்கப் போகும்.
ஜெய்னுலாபுதீன் பாய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
சாப்பிடக் கிளம்புவார்.
பிராங்க்ஃபர்ட்டில் அப்போதுதான்
காபியை முடித்துவிட்டு நாற்காலியை இழுப்பார்கள்.
முழங்கால் உயரத்துக்கு வெயில் உள்ளே வரும்,
போகிறவர்களின் செருப்புகள் மட்டும் தெரியும்,
திரையில் யூரோ சோம்பல் முறிக்கும்.

கடைப் பலகையில் தொண்ணூறு என்றால்
சந்தையில் தொண்ணூறு நாற்பது.
நடுவில் நிற்கிற நாற்பது காசு
பாயின் வாடகை, கரண்டு பில்,
என் சம்பளம்.

மாசியில் அர்மோன் வந்தார்.
பிரெஞ்சு ராணுவத்தில் சமைத்து ஓய்வு பெற்றவர்.
பென்ஷனில் மிச்சம் பிடித்த நான்காயிரம் யூரோ
ரப்பர் பேண்டு போட்ட உறையில்.
பலகையைப் பார்த்தார். தொண்ணூறு.
"தொண்ணூத்தி ஒண்ணு ஆகட்டும் தம்பி"
உறை சட்டைக்குள் போயிற்று.
அன்று சாயங்காலமே இறங்க ஆரம்பித்தது,
எண்பத்தேழு வரைக்கும்.
பங்குனி முழுக்க அவர்
எதிர்ப் பக்கமாகவே நடந்தார்,
பலகை கண்ணில் படாதபடி.

அப்போதுதான் தொண்ணூறு நாற்பதில்
ஒரே ஒரு கோடு போட்டேன்.
ரெசிஸ்டன்ஸ் என்று பாடத்தில் வரும்.
எனக்கு அது அர்மோன்.
உறையோடு திரும்பிப் போன அத்தனை பேரும்
அந்த உயரத்தில் நின்றுகொண்டிருக்கிறார்கள்.
விலை மறுபடி வந்தால்
ஆசையை விட்டுவிட்டு
கைக்குக் கிடைத்தால் போதுமென்று கொட்டிவிடுவார்கள்.

ஆடியில் வந்தது.
முதல் தடவை கோட்டைத் தொட்டுவிட்டு ஓடியது,
பின்னால் ஒரு நீளத் திரி.
இரண்டாம் தடவையும் ஓடியது, ஆனால் அவ்வளவு வேகமாக இல்லை.
அதைப் பார்த்தேன்.
பார்த்தும்
மூன்றாம் தடவை ஐந்து லாட் விற்றேன்.

வெளியே ஒரு செருப்பும் இல்லை.
குச்சி கோட்டை முட்டியது,
நின்றது,
நாலு நிமிஷம் அதுவும் மூச்சு விடவில்லை, நானும்.
பிறகு
கதவில்லாத வீட்டுக்குள் போகிற நாய்போல
சாதாரணமாக உள்ளே போய்விட்டது.
தொண்ணூறு எழுபதில் என் ஸ்டாப் லாஸ்.
முப்பது காசு, ஐந்து லாட்,
ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்.

ஆறு மணிக்கு அர்மோன் வந்தார்,
கக்கத்தில் நீள ரொட்டி.
உறை இல்லை.
வைகாசியிலேயே காந்தி வீதியில் மாற்றிவிட்டாராம்,
எண்பத்தெட்டு சொச்சத்துக்கு.
மாடித் தளம் ஒழுகியது,
கொத்தனார் தொண்ணூறுக்குக் காத்திருப்பாரா?
சொல்லும்போது முகத்தில் வருத்தமே இல்லை.
அதுதான் சுட்டது.

அவருடைய நான்காயிரத்துக்கு யூரோ அசையாது, தெரியும்.
ஆனாலும்
சுவர் என்று நான் வரைந்த இடத்தில்
இரண்டு மாதமாக ஆளே இல்லை.
வீதி வீதியாக, ஒழுகல் ஒழுகலாக
இறங்கிப் போய்விட்டிருக்கிறார்கள்.

கோட்டை அழிக்க விரல் போயிற்று.
அழிக்கவில்லை.
இப்போது அங்கே வேறொருவன் நிற்கிறான்,
தொண்ணூறு நாற்பதில் விற்றவன்,
விலை கீழே திரும்பி வந்தால்
இந்தத் தடவை வாங்கிவிடலாம் என்று.

"நாளைக்கு ஏறுமா தம்பி?"
விற்க ஒன்றுமில்லாத மனிதர்
சும்மா கேட்டார்.
தெரியவில்லை என்றேன்.
ரொட்டியின் முனையைப் பிய்த்து நீட்டினார்.
இன்னும் சூடாக இருந்தது.