செல்லாதவை, இருபத்தேழு

ஞாயிற்றுக்கிழமை என் வகுப்பறைதான் வாக்குச்சாவடி.
பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளி
ஏழாம் வகுப்பு வரைந்த டைனோசர்களை மறைத்து
அட்டைத் தடுப்புகள் மூன்று நிறுத்தினோம்.
கரும்பலகையில் வெள்ளிக்கிழமைப் பாடத்தின் மிச்சம்:
அரசமைப்புச் சட்டம், முகவுரை.
அழிக்கச் சொன்னார் மிர்சாத், பிரசாரமாகிவிடுமாம்.
அழித்தேன். ஈரத்துணிக்கு அடியில்
அடைப்புக்குறி மட்டும் கடைசிவரை தெரிந்தது.

துஸ்லா, உப்பின்மேல் நிற்கும் ஊர்.
அடியிலிருந்து உப்புநீரை உறிஞ்ச உறிஞ்சத்
தெருக்கள் இறங்கின.
எங்கள் வீட்டுக் கூடத்தில் பந்தை வைத்தால்
தானாகச் சமையலறைக்குப் போகும்.

பொஸ்னியாக்கர், குரோவேசியர், செர்பியர்:
நாட்டை ஆக்கிய மக்கள் மூவர்.
அப்புறம்
(ஏனையோருடன்).
யூதர், ரோமா,
இரண்டு ரத்தத்தில் பிறந்து ஒன்றைச் சொல்ல மறுப்பவர்,
வெறும் குடிமக்கள் என்று எழுதிக்கொள்பவர்.
வரி கட்டலாம். வாக்கும் போடலாம்.
தலைமைப் பீடத்தின் மூன்று நாற்காலிகளில்
உட்கார மட்டும் முடியாது.
தவறு என்று ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றம் தீர்ப்பெழுதியபோது
செனிதா பிறக்கவில்லை.
இப்போது அவளுக்குப் பன்னிரண்டு முடிந்துவிட்டது.

தேர்வில் நான்காவது கேள்வி:
தலைமைப் பீடத்துக்கு யார் போட்டியிடலாம்?
ஒரே சொல் எழுதியிருந்தாள் செனிதா: நான்.
அவள் அப்பா ஷாபான், குடிநீர் வாரியத்தில் குழாய் பதிப்பவர். ரோமா.
சிவப்புப் பேனாவை மூடித் திறந்து, மூடித் திறந்து
கடைசியில் சுழி போட்டேன்.
தப்பான விடைக்கு மதிப்பெண் தர எனக்கு அதிகாரம் இல்லை.
'நான் இல்லை' என்று எழுதியிருந்தால்
முழு மதிப்பெண் போட்டிருப்பேன்.
அதுதான் தூங்கவிடவில்லை.

நியாயமாகவும் பேச வேண்டும்.
அந்தச் சட்டத்தை அயல்நாட்டு விமானத் தளம் ஒன்றில்
எங்களுடையதல்லாத மொழியில் எழுதினார்கள்.
எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.
ஆனால் அது கையெழுத்தான குளிர்காலத்தில்
என் அண்ணன் அகழியிலிருந்து
இரண்டு காலோடும் நடந்து வந்தான்.
இது மக்களாட்சிதானா என்று அவனிடம் கேட்டுப் பாருங்கள்,
சுடுவது நின்றது என்பான்.
அவ்வளவுதான் சொல்வான்.
காயத்துக்குக் கட்டிய துணி அது.
அவிழ்க்க நாள் பார்த்துப் பார்த்து
அதையே சட்டை என்று போட்டுக்கொண்டு திரிகிறோம்.

பதினொரு மணிக்கு ஷாபான் வந்தார்,
நகக்கண்ணில் குழாய்ப் பசையோடு.
சீட்டில் இரண்டு பட்டியல்:
பொஸ்னியாக்கர் ஒருவருக்கு, அல்லது குரோவேசியர் ஒருவருக்கு.
"டீச்சர், இதில் நான் எந்தப் பக்கம்?"
சிரித்தபடிதான் கேட்டார்.
வாக்காளருக்கு யோசனை சொல்வது விதிப்படி குற்றம்.
ஒரு விதி எனக்கு இவ்வளவு ஒத்தாசை செய்ததில்லை.
கூட ஓடலாம், தொட்டால் அவுட் இல்லை,
ஜெயித்தாலும் கணக்கில் வராது:
உப்பு ஊரில்
உப்புக்குச் சப்பாணி.

இரவு எண்ணினோம்.
யாத்ராங்கா ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்ட
நான் உரக்கப் படித்தேன்.
நூற்று அறுபதாவதோ என்னவோ,
இரண்டு பட்டியலுக்கும் கீழே வெள்ளை இடத்தில்
பேனாவால் பெரிதாக ஓர் அடைப்புக்குறி.
உள்ளே, அழுத்தி எழுதிய ஒரு பெயர்.
என் வருகைப் பதிவேட்டில்
நான் தினமும் கூப்பிடும் பெயர்.
யாத்ராங்கா என்னைப் பார்த்தாள்.
கட்சி முகவர்கள் நால்வரும் பார்த்தார்கள்.
செல்லாது, என்றேன்.
குரல் தெளிவாகவே இருந்தது.

பதிவானவை. செல்லுபடியானவை. செல்லாதவை, இருபத்தேழு.
கூட்டிப் பார்த்தோம், கணக்கு சரி.
மூன்று படிகளில் கையெழுத்திட்டுப் பையை முத்திரையிட்டு
பெஞ்சுகளைத் திரும்ப இழுத்துப் போட்டோம்.
ஜன்னலோரம் முதல் வரிசை அவள் இடம்.
காலை எட்டு மணிக்கு
விடைத்தாளைத் திருப்பித் தர வேண்டும்.