நிலை முப்பத்தெட்டு

அந்தி நிறுவைக்கு இன்னும் நாற்பது நிமிஷம்.
மல்லியப்பு வளைவில் மண் சரிந்து
ஹட்டன் பஸ் என்னைத் தாமதமாக இறக்கிவிட்டது.
தொழிற்சாலை மாடி. கொழுந்து வாடும் மணம்.
மூலை அறையில் நேற்று வந்த சர்வர்,
உறை கூட முழுதாய் உரிக்கவில்லை.
பழையதை வியாழக்கிழமை இடி தின்றிருந்தது.

"பாஸ்வேர்ட் சரிதாங்க."
சூசைநாதன் ஒவ்வொரு எழுத்தாய்
வாய்விட்டுச் சொல்லி அடிக்கிறார்,
நானே மனப்பாடம் செய்துவிடுவேன் போல.
திரையில் மறுபடியும் அதே வரி:
'நிறுவை' என்ற பயனருக்கு உள்நுழைவு மறுக்கப்பட்டது. நிலை ஒன்று.

வெளியே நிற்பவருக்கு எப்போதும் நிலை ஒன்றுதான்.
கள்ளனுக்குத் துப்பு போய்விடக் கூடாதாம்.
மறந்து போனவருக்கும் அதே முகம்.
காரணம் உள்ளே, சர்வரின் பதிவேட்டில் கிடக்கும்:
ஐந்து என்றால் அப்படி ஒரு பெயரே இல்லை,
எட்டு என்றால் கடவுச்சொல் பிழை.

துரை போனில் வந்தார்.
"எஸ்ஏ-வைக் கொடுத்திட்டுப் போங்களேன், பிறகு பார்ப்போம்."
எல்லாப் பூட்டுக்கும் பொருந்தும் சாவி அது.
அதை வைத்திருப்பவர்
இன்றைய எடையை நாளைக்கும் மாற்றலாம்,
யார் மாற்றினார் என்று ஒரு சுவடும் மிஞ்சாமல்.
சிக்னல் சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.
சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

கீழே தகரக் கூரையில் மழை.
முப்பத்தாறு பேர், முதுகில் பை, காலில் அட்டை.
"துண்டுல எழுதுறதுன்னா வேணாம்,
துண்டுல ரெண்டு கிலோ பறந்துரும்,"
செவனம்மாவின் குரல் படியேறி வந்தது.

பதிவேட்டைத் திறந்தேன்.
நிலை முப்பத்தெட்டு.
வாசல் வரை வந்துவிட்டான், வீடு அவனை ஏற்கவில்லை.
பழைய தரவை மீட்டெடுத்துப் புதிய சர்வரில் வைத்தபோது
உள்ளே 'நிறுவை' என்றொருவன் அப்படியே இருந்தான்.
வாசலில் புதிதாய் ஒரு 'நிறுவை'யை உண்டாக்கினார்கள்.
பெயர் ஒன்று. அடியில் ஓடும் எண் வேறு.
சர்வர் பெயரைப் பார்ப்பதில்லை.

சூசைநாதனுக்கு விளக்கத் தொடங்கினேன்.
படியில் நின்ற செவனம்மா முடித்துவைத்தாள்:
"சேமலாப நிதியில எனக்கு ஆனதுதான்.
செவனம்மான்னா நான்தான்,
நம்பர் மட்டும் யாரோ செத்தவளோடது.
பதினோரு மாசம் அலைஞ்சேன்."

எனக்கு ஒரு வரி போதுமாயிருந்தது.
உள்ளே இருப்பவனை வாசலில் நிற்பவனோடு
சேர்த்துக் கட்டும் ஒரே வரி.
என்டர் தட்ட, பச்சை எரிந்தது.
பதினோரு மாசத்தை நான் எதுவும் சொல்லவில்லை.

தராசுக்குப் போனோம். முதல் பை அவளுடையது.
பத்தொன்பது கிலோ நானூறு.
திரை ஒரு கணம் யோசித்து
பதினேழு நானூறு என்று பதிந்தது.
ஈரத்துக்கும் பைக்கும் இரண்டு கழிவு,
முறைப்படி, அனுமதியோடு,
நான் இப்போது திறந்துவிட்ட வழியாக.

அவள் திரையைப் பார்த்தாள். பிறகு என்னை.
அந்த இரண்டு எந்த அட்டவணையில் இருக்கிறதென்று
எனக்குத் தெரியும்.
திருத்த உரிமையும் இருந்தது,
ஆறு மணி பஸ் வரும் வரைக்கும்.