சட்சுமாவுக்கு மகிழ்ச்சி கூடாது

பள்ளிப் பேருந்தை
இறால் கொட்டகை முனையிலேயே நிறுத்திவிடுகிறேன்.
மீதி முந்நூறு அடி நடை.
சாவிக்கொத்தைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு,
சிப்பி ஓடு பரப்பிய பாதையை விட்டு
ஈரப் புல்லில் கால் வைத்து,
சொந்த வீட்டுக்குத் திருடியாக வருகிறேன்.

டீசல் இரைச்சல் கேட்டால்
அவள் எழுந்துவிடுவாள்.
எழுந்தால் குதிப்பாள்.
குதித்தால் நெஞ்சு ஓடும்.
நெஞ்சு ஓடக் கூடாது
என்று டாக்டர் பெல்லக்ரின் சொல்லியிருக்கிறார்,
இரண்டு முறை,
இரண்டாம் முறை என் கண்ணைப் பார்த்து.

நெஞ்சில் குடியிருப்பது என்று
எவ்வளவு இனிப்பாகச் சொல்லிவிடுகிறோம்.
சட்சுமாவின் நெஞ்சில்
உண்மையாகவே குடியிருந்தார்கள்.
வெந்த சேமியா போல வெளுத்து,
ஒரு சாணுக்கு மேல் நீண்டு,
நுரையீரலுக்குப் போகும் குழாயில்
வாடகை தராமல்
குஞ்சும் குளுவானுமாக.

கதவைத் திறந்துவிட்டது நான்தான்.

மாத்திரை அட்டையோடு
சிவப்பு இதய ஸ்டிக்கர்கள் வரும்.
மாதம் ஒன்று காலண்டரில் ஒட்ட வேண்டும்.
ஆகஸ்டில் இருக்கிறது.
செப்டம்பரில் இருக்கிறது, கோணலாக.
அக்டோபரில் புயல் கூரையைக் கொண்டுபோனது,
அந்தப் பணத்துக்குத் தகரம் வாங்கினேன்.
நவம்பரில் குளிர் வந்துவிட்டதே, கொசு ஏது என்றேன்.
டிசம்பரில் என் கழுத்திலேயே ஒன்றை அடித்தேன்.
உள்ளங்கையில் ரத்தம்.
ஜீன்ஸில் துடைத்துக்கொண்டேன்.
அது யாருடைய ரத்தம் என்று
கேட்கத் தோன்றவில்லை.

வரப்போகும் மாதத்துக்குக் காவல் என்றே
இத்தனை வருடம் நினைத்திருந்தேன் அந்த மாத்திரையை.
இல்லையாம்.
போன மாதத்தைத் துடைப்பதாம் அது.
கடித்தது கடித்ததுதான்.
உள்ளே இறங்கியதை மட்டும்
வளர்வதற்குள் கூட்டித் தள்ளுமாம்.
நடந்துபோன முப்பது நாளைத் திருத்த
மாட்டிறைச்சி வாசனையில் ஒரு கட்டி!
எனக்கு அப்படி ஒன்று கிடைத்திருந்தால்
என் அண்ணன் டெஸிரேயோடு
இன்னும் பேசிக்கொண்டிருப்பேன்.

ஜூன் மாதம், மூன்று சொட்டு ரத்தம், பத்து நிமிடம்.
ஒரு நீலப் புள்ளி என்றால் வீட்டுக்குப் போகலாம்.
ஒன்று தெரிந்தது.
காரை நோக்கி இழுத்தாள் இவள்.
இரண்டாவது மெல்ல வந்தது,
மூடுபனிக்குள்ளிருந்து ஒரு படகு வருவதுபோல.

மாதம் பதினோரு டாலர் மிச்சம் பிடித்தவள்
ஆயிரத்தெண்ணூறுக்குக் கையெழுத்துப் போட்டேன்.

முதுகுத் தசையில் ஆர்சனிக்.
செத்த புழுக்கள் துண்டு துண்டாய் உடைந்து
ரத்தத்தோடு மிதந்து
நுரையீரலின் சந்து பொந்துகளில் கரைய வேண்டும்.
அதுவரை பந்து இல்லை, அணில் இல்லை,
வாய்க்கால் கரையில் கொக்கைத் துரத்துவது இல்லை.
சமையலறை மூலையில் கம்பிக் கூண்டு.
அழைப்புமணியின் கம்பியைப் பிடுங்கிவிட்டேன்.
அவள் பெயரைக்கூடப் பாதிக் குரலில்தான் சொல்கிறேன்.

ஐந்து வருடமாக
அவளை மகிழ வைப்பது ஒன்றே
எனக்குத் தெரிந்த அன்பு.
இப்போது மகிழாமல் பார்த்துக்கொள்வது.
அவள் பார்க்கும்போது
நான் பாத்திரம் தேடுவதுபோலத் திரும்பிக்கொள்கிறேன்.

எதிர்வீட்டு ஓவிட் புதிதாய் ஒரு குட்டி வாங்கியிருக்கிறான்.
மிச்சமிருந்த ஸ்டிக்கர்களை எடுத்துப்போய்
அவன் காலண்டரில், பன்னிரண்டு மாதத்துக்கும்,
ஜனவரிக்கும் சேர்த்து,
முதல் தேதி மேல் நானே ஒட்டிவிட்டு வந்தேன்.
ஒட்டினால் போதாது, கொடுக்கணும், தெரியுமா என்றேன்.
ஒடாலிக்கு மூளை கலங்கிவிட்டது என்று
கடையில் சொன்னானாம். சொல்லட்டும்.

இன்று நாற்பத்தொன்றாம் நாள்.
கொசு மருந்து வண்டி தெருவில் புகைத்துப் போய்விட்டது.
வலைக்கதவை அங்குலம் அங்குலமாகத் திறக்கிறேன்.
கீல் முனகியது.

கூண்டுக்குள்
கண் திறக்காமலே
அவள் வால் தரையை ஒருமுறை தட்டியது.

போதும், என்றேன்.
போதும், போதும்.