யாரு

சுவா சூ காங், ஆறே முக்கால்.
கார் நிறுத்துமிடத்து மரத்தில்
கிளிகள் வந்து விழுகின்றன,
யாரோ வானத்தை உதறியது போல.
பதினோராம் மாடி மிஸ்டர் லிம்
நகர மன்றத்துக்கு மூன்றாவது புகார் எழுதிவிட்டார்:
ஒரே இரைச்சல்.

எனக்கும் இரைச்சல்தான்.
ஆனால் பிந்தி வருகிற ஒன்று
எதிர் புளோக்கின் முனையில் திரும்பும்போதே கத்துகிறது.
ஆயிரம் தொண்டைக்குள்ளிருந்து
ஒரு தொண்டை மட்டும் பதில் சொல்கிறது.
நேராக அந்தக் கிளைக்குப் போகிறது,
வழி கேட்காமல்.

என்ன சொல்லிக்கொண்டிருக்கும்?
நாம் சொல்வதைத்தான் என்று நினைக்கிறேன்.
கதவுக்கு வெளியே, தொலைபேசியில், இருட்டில்,
யாரு என்றால்
பெயர் சொல்வதில்லை எவரும்.
நான்தான்.
ஊரே சொல்லும் ஒரே சொல்.
அது போதும், தாழ்ப்பாள் திறக்க.

போன மாதம் தம்பி குணாளன்
தைராய்டு அறுவை முடிந்து வீட்டுக்கு வந்தான்.
இரும்புக் கதவுக்கு அந்தப் பக்கம்
ஈர மணலில் ஏதோ இழுபடுவது போல்
ஒரு நான்தான்.
யாரு, என்றேன்.
கையில் பாதி உரித்த வெங்காயம்.
திரும்பவும், யாரு.
அவன் மறுபடி சொல்லவில்லை.
கம்பியை நகத்தால் தட்டினான்.

இப்போது தினமும் ஆறே முக்காலுக்குத்
தாழ்வாரத்தில் நிற்கிறான், கழுத்தில் பிளாஸ்திரி.
பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு
நானும் போய் நிற்கிறேன்.
"அதோ, வந்துடுச்சு" என்கிறான் கரகரத்து,
விரலை மேலே நீட்டி.
எனக்குக் கேட்டது வேறொன்று.
"ம்" என்கிறேன்.