ஒன்பது ரூபாய் வளையம்

பாம்பன் ஜெட்டியின் கடைசித் தூணில்
கடலை அளக்கும் பெட்டி ஒன்று இருக்கிறது.
அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை.
சிப்பி சுரண்டுவேன், பேட்டரி மாற்றுவேன்,
காக்கை எச்சம் துடைப்பேன்.

போன மாசியில்
ஆறு குட்டி நாடுகளிலிருந்து பயிற்சிக்கு வந்தார்கள்.
மண்டபம் முகாமில் பந்தல், கொடிகள்,
ஒத்துழைப்பு என்ற சொல்லைப்
பதினேழு முறை சொன்ன ஒரு வரவேற்புரை.
எண்ணினேன். வேறு வேலை இல்லை.

துவாலுவிலிருந்து வந்தவள் பெயர் பாசெமாதா.
ஏலக் கொட்டகைப் பெண்கள்
ஒரே நாளில் பாசிமாதா ஆக்கிவிட்டார்கள்.
பாசி எடுக்கப் போகையில் கும்பிட
இத்தனை நாள் ஒரு மாதா இல்லாமல் போச்சே என்று சிரிப்பு.

உங்கள் ஊரில் உயரமான இடம் எது என்றாள்.
கந்தமாதன பர்வதத்துக்குக் கூட்டிப்போனேன்.
மணல்மேடுதான். நாங்கள் பர்வதம் என்கிறோம்.
படியேறி நின்று, தீவைச் சுற்றிய நீரைப் பார்த்து
"பர்வதம்தான்" என்றாள்,
சிரிக்காமல்.

அவள் ஊரில் பெரிய ஓதம் வரும் நாளில்
கடல் கரை தாண்டி மட்டும் வருவதில்லை.
தரைக்குள்ளிருந்தே ஊறி வருமாம்,
கிழங்கு நட்ட குழிக்குள் உப்பாக.
அளப்பவள், மெக்கானிக், கணக்கு எழுதுபவள்
எல்லாம் அவள் ஒருத்தி.
அவளுக்குக் காய்ச்சல் என்றால்
அன்று கடலுக்குக் கணக்கில்லை.

மூன்றாம் நாள் என் பெட்டியைத் திறந்தாள்.
கைபேசியைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள்.
பன்னிரண்டு நிமிடம் பின்னால் ஓடுகிறதே,
எத்தனை மாதமாய்?
தெரியவில்லை.
ரயில்தான் சீக்கிரம் வருகிறதென்று
நினைத்துக்கொண்டிருந்தேன் நான்.

பயிற்சி தருவோர் பட்டியலில் என் பெயர்.
பிழை ஏட்டில் அவள் கையெழுத்து.

அவளுக்கு வேறு சிக்கல்.
உணரியின் வாயில் ஒரு ரப்பர் வளையம்.
செய்கிற கம்பெனி பனி பெய்யும் தேசத்தில்.
ஐந்நூறுக்குக் குறைந்து அனுப்ப மாட்டார்களாம்.
அவளுக்கு வேண்டியது வருடத்துக்கு நாலு.
ஆறு நாள் அமர்வுகளில்
இதற்கு ஒரு தலைப்பு இல்லை.

மீராசா கடைக்குப் போனோம்.
வளையத்தைச் சுண்டுவிரலில் மாட்டினார்,
நகத்தால் அழுத்தினார், முகர்ந்தார்,
உள்ளே போய் ஒரு டப்பாவைக் கவிழ்த்துக் கொட்டினார்.
வள்ளத்து இஞ்சினுக்குப் போடுவது. ஒன்பது ரூபாய்.

ராத்திரி முழுக்க
உப்புத்தண்ணீர் வாளியில் கிடந்தது உணரி.
காலையில் திறந்தால் உள்ளே பொட்டு ஈரமில்லை.
நாற்பது வாங்கினாள்.
மீராசா நாலைக் கொசுறாகப் போட்டார்:
"எங்க பிள்ளைகளும் இப்படித் தூர தேசத்தில்தான் கிடக்குதுங்க."

இப்போது வைகாசி.
கச்சான் அடிக்கிற அடியில்
ஜெட்டியில் நிற்க முடியவில்லை.
மின்னஞ்சல் வந்திருக்கிறது:
இரண்டு ஒழுகின. மற்றவை தாங்குகின்றன.
இரண்டு பக்கத்துத் தீவுகளுக்கும் சேர்த்து
இன்னும் அறுபது கிடைக்குமா?
உங்கள் ரயில் இப்போது நேரத்துக்கு வருகிறதா?

தபால் ஆபீசில் புதுப் பையன்.
அப்படி ஒரு நாடே வரவில்லை சார் என்கிறான்.
உகாண்டாவுக்கு மேலே பாருங்கள், தம்பி.
பின்னால் பென்ஷன் வரிசை முனகுகிறது.
உருட்டுகிறான்.
உருட்டுகிறான்.
பொருளின் மதிப்பு: ஐந்நூற்று நாற்பது.
அனுப்பும் செலவு அதைப்போல் நான்கு மடங்கு,
பரவாயில்லையா சார்?

பரவாயில்லை.

வந்துடுச்சு என்கிறான்.
ஊர்ப் பெயரை
எழுத்தெழுத்தாகச் சொல்லுங்க.